மங்காத படம்

கிரஹாம் நாஷ் பெயர் பெற்ற பாடகர்; புகைப்படக் கலைஞரும்கூட. 1991-ல் கலிபோர்னியாவில் அவர் தொடங்கிய அச்சுக்கூடத்தில், ஐரிஸ் 3047 என்ற பிரிண்டரில் டிஜிட்டல் படங்களை அச்சிட்டார்கள். அந்த பிரிண்டரை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் பாதுகாக்கிறது.

படங்கள் கொள்ளை அழகு. ஆனால் தொடக்கத்தில் பயன்படுத்திய மை வெகு சீக்கிரம் வெளுத்தது. அது சாய மை. தண்ணீரில் சர்க்கரை கரைவதுபோல, நிறம் தனித்தனி மூலக்கூறுகளாகக் கரைந்திருக்கும். வெளிச்சமும் காற்றிலுள்ள ஓசோனும் அவற்றை எளிதில் சிதைத்துவிடும். நிறமி மை அப்படியல்ல. அதில் நிறம் நுண்ணிய துகள்களாக மிதக்கிறது. துகளின் மேற்பரப்பு அரிபட்டாலும் உள்ளே நிறம் மிச்சமிருக்கும்.

அதனால், தாத்தா பாட்டி படத்தைப் பிரிண்ட் போடக் கொடுக்கும்போது, "நிறமி மையா, சாய மையா?" என்று தயங்காமல் கேளுங்கள். தாளையும் கேளுங்கள். பழைய செய்தித்தாள் பழுப்பேறுவதைப் பார்த்திருப்பீர்கள். மரக்கூழில் இருக்கும் லிக்னின் செய்யும் வேலை அது. அமிலமில்லாத பருத்தித் தாள் அவ்வளவு சுலபத்தில் பழுப்பேறாது.

இன்னொன்று, இதை நான் அழுத்தியே சொல்வேன்: படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகமே உரிந்துவிடும். நடுவில் ஓர் அட்டைச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள். வெயில் விழும் சுவர் வேண்டாம்.

மாட்டுவதற்கு முன், படத்தின் பின்பக்க ஓரத்தில் மெல்லிய பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதிவிடுங்கள்.