பேச்சில் இருக்கும் இரட்டைக் குவளை



இம்மானுவேல் சேகரன் நினைவாக நடக்கும் இந்தக் கூட்டத்தில் பேச்சைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில், அவர் தம் மக்களின் பிரதிநிதியாக மற்றத் தலைவர்களுக்குச் சமமாகக் கலந்துகொண்டார். மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார். யார் யாருக்குச் சமமாகப் பேசலாம் என்பது இந்த வறண்ட பூமியில் உயிர்ப் பிரச்சினை.

மொழி எதற்கு என்றால், செய்தி சொல்ல என்கிறோம். 'சாப்பிட்டாச்சா?' என்று தெருவில் கேட்பதில் என்ன செய்தி இருக்கிறது? இப்படிப்பட்ட பேச்சு உறவை உண்டாக்குவதற்கானது என்று மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-இல் எழுதினார். எம்.ஏ. சமூகவியலில் இதைப் பரீட்சைக்கு எழுதியவன் நான்.

அந்த விடுமுறையில், திருச்சுழிப் பக்கம் எங்க அய்யா வேலை பார்த்த கரிமூட்டத்துக்குச் சோறு கொண்டு போனேன். அய்யாவுக்கு அறுபது வயது. முதலாளி மகனுக்குப் பதினாறு இருக்கும்.

"என்னடா, மூட்டம் பிரிச்சாச்சா?"

"ஆச்சு சாமி."

கரியைப் பற்றிய செய்தி இதில் பாதிதான். யார் எங்கே நிற்க வேண்டும் என்பது மீதி. அய்யா என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் தூக்குவாளியை வைத்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

'டா' கெட்ட சொல் அல்ல; சேக்காளிகள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். ஐரோப்பிய மொழிகளை ஆராய்ந்த பிரௌனும் கில்மனும் 1960-இல் இதை விளக்கினார்கள். இருவரும் ஒருவரையொருவர் 'நீ' என்றால் அது நெருக்கம். ஒருவர் 'நீ' என்று சொல்லி 'நீங்கள்' என்று வாங்கிக்கொண்டால் அது அதிகாரம்.

இம்மானுவேல் சேகரன் எதிர்த்த இரட்டைக் குவளை பல கடைகளில் பேப்பர் கப்பாகிவிட்டது. கப் ஒன்றுதான். ஆனால் ஒருவருக்கு 'வாங்கண்ணே', இன்னொருவருக்கு 'என்னடா' என்னும்போது இரண்டு குவளையும் அங்கேயே இருக்கின்றன. பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு 'டா'வுக்கு ஸ்டேஷனில் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

அதனால்தான் 'ஜெய்பீம்' நமக்குத் தேவைப்படுகிறது. நாக்பூர் அருகே காம்ப்டியைச் சேர்ந்த பாபு ஹர்தாஸ் பரப்பிய வணக்கம் அது. அதிகாரி சொன்னாலும் கரி அள்ளுகிறவர் சொன்னாலும், சொன்ன சொல்லே பதிலாக வருகிறது.

கடைசியாக நம்மையும் கேட்டுக்கொள்வோம். நம் தெருவுக்குக் குப்பை அள்ள வரும் அக்காவை எப்படிக் கூப்பிடுகிறோம்? 'வாங்க' என்று சொல்லும் மனைவிக்கு என்ன பதில் கொடுக்கிறோம்? இந்த இரண்டும் மாற நமக்குச் சட்டம் வேண்டியதில்லை. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் தொடங்கலாம்.

ஜெய்பீம்.