முதல் உருப்படி: மென்பொருள் தொழில் தொடங்குவோர்க்கு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960களில் உருவானது. அதன் பட்டறைகளில் நம்மவர் பலர் உழைத்திருக்கின்றனர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் உருப்படிக்கு ஆர்டர் வந்தாலும், லேத்தில் முதலில் ஒன்றையே கடைவர். அதன் அளவைச் சரிபார்த்து, வாங்குவோர் ஒப்பிய பின்னரே மற்றவற்றில் கை வைப்பர். பிழை நேர்ந்தால் வீணாவது ஒரு துண்டு இரும்பு, ஆயிரமன்று.

மென்பொருள் தொழிலில் இதனையொத்த முறையை எம்.வி.பி. என்பர், குறைந்த அளவில் பயன்தரும் முதற்பொருள் எனலாம். எரிக் ரீஸ் 2011இல் வெளியிட்ட ‘தி லீன் ஸ்டார்ட்டப்’ என்னும் நூல் இக்கருத்தைப் பரப்பியது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. லேத்காரரிடம் வரைபடம் இருக்கிறது, வாங்குவோரும் இருக்கின்றனர். மென்பொருள் செய்வோர்க்கு இரண்டும் இல்லை. எனவே இங்கே முதலில் சோதிக்க வேண்டுவது, ‘இது யாருக்கேனும் தேவையா?’ என்பதையே.

சென்னையிலேயே சான்று உண்டு. கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமி ஆகியோர் 2010இல் ஃப்ரெஷ்டெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினர். வாடிக்கையாளரின் குறைகளைப் பெற்றுத் தீர்க்க உதவும் மென்பொருளை ஒரு சிறு குழு உருவாக்கி, 2011இல் வெளியிட்டது. முதல் வாடிக்கையாளராக வந்தது ஆஸ்திரேலியாவின் ஒரு கல்விக்கூடம். 2017இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது.

கிரீஷ் அதற்குமுன் ஜோஹோ நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றியவர். அத்தகைய அனுபவமும் தொடர்பும் நம் இளைஞருள் பலர்க்கு இன்னும் எட்டவில்லை. தாயின் நகையும் தந்தையின் பணிக்கொடையும் ஒரே முயற்சியில் கரைந்துவிட்டால், இரண்டாம் முயற்சிக்குக் கைகொடுக்க நமக்குப் பரம்பரைச் சொத்து இல்லை. ஆகவே, சிறிதாகச் சோதிக்கும் முறை மற்றவரைவிட நமக்கே மிகவும் வேண்டியது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கு ஒரு சான்றிதழ் குறைவதால் அல்லற்படும் மாணவரை நாம் அறிவோம். அவர்க்கு நினைவூட்டும் செயலி ஒன்றை உருவாக்க விரும்பினால், ஓராண்டு நிரல் எழுதிக்கொண்டிருக்க வேண்டா. ஒரு விடுதியில் 20 மாணவரைத் தேர்ந்து, நான்கு வாரம் கைப்பேசியும் குறிப்பேடும் கொண்டே அப்பணியைச் செய்து பாருங்கள். எத்தனை பேர் உரிய காலத்தில் விண்ணப்பித்தனர்? எத்தனை பேர் தாமே மீண்டும் வந்து கேட்டனர்? மாணவரிடம் கட்டணம் பெறுதல் தகாது. எந்தக் கல்லூரியோ அறக்கட்டளையோ செலவை ஏற்கும்? ‘நன்று’ என்னும் பாராட்டு சான்றாகாது. மீண்டும் வருதலும் பணம் தருதலுமே சான்று.

குறைந்தது என்பதற்கு அரைகுறை என்று பொருளன்று. வசதிகளைக் குறைக்கலாம், பாதுகாப்பைக் குறைத்தல் ஆகாது. சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றின் நகலை முதற்பொருளில் வாங்கவே வேண்டா. ‘உண்டு, இல்லை’ என்னும் குறிப்பே போதும்.

தமிழக அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், 35 விழுக்காடு மூலதன மானியத்துக்கு வழிசெய்தது. அத்தகைய உதவியை நாடுவது நம் உரிமை. ஆனால் மானியம் போக எஞ்சிய கடன் நம் தோள்மீதே நிற்கும். எனவே, வங்கிப் படி ஏறுமுன் சோதனையின் முடிவு கையில் இருக்கட்டும்.

இளைஞர்களே! நீங்கள் நேரில் அறிந்த ஒரு சிக்கலையும், அதனால் இடர்ப்படும் பத்துப் பேரையும் இவ்வாரமே கண்டறியுங்கள். அவர்கள் சொல்வதைச் செவிமடுங்கள். கணினியைப் பிறகு திறக்கலாம்.

ஜெய்பீம்!