பழைய சவரக்கத்தியும் புதிய பிடியும்

(வெள்ளி விழா இளைஞர் அமர்வில் ஆற்றிய உரை)



விழாக்குழுவினர் என்னை அணுகித் தொழிற்கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபொழுது நான் தயங்கினேன். வாழ்நாள் முழுவதும் பிட்டர் வேலை பார்த்தவன் நான். மேடைப் பழக்கம் எனக்கு இல்லை. "ஒரு பொருளைக் கொண்டு வந்து மேசையின்மேல் வைத்து, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்" என்றேன். அன்புடன் இசைந்தார்கள். கொண்டு வந்திருப்பது ஒன்றன்று, இரண்டு. இரண்டும் என் பெரியப்பாவின் சவரக்கத்திகள். ஒன்று பளபளவென்று இருக்கிறது. அதன் பிடி மட்டும் புதியது. மற்றொன்றின் வாய் நீலம் பாய்ந்து, எதற்கும் உதவாமல் கிடக்கிறது. அதைக் கெடுத்தவன் நானே.

கூலிவேலை செய்த ஒருவருக்கு இங்கிலாந்து நாட்டுச் சவரக்கத்தி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் எங்கள் ஊர். ஊர் நாவிதர் நம் தெருவுக்கு வரமாட்டார். நம்மவர் அவரிடம் போகவும் கூடாது. அவரை நான் குறை கூறவில்லை. நமக்குச் சவரம் செய்தார் என்று தெரிந்தால் அன்றே அவருக்கு ஊர்ப்படி நின்றுவிடும். அவரும் ஊருக்கு அடங்கிக் கிடந்தவரே. பெரியப்பா இளமையில் கோலார் தங்கவயலுக்குப் போனார். நம் பகுதியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அங்கே போய், பூமிக்கு அடியில் உழைத்தன. 2001இல் அச்சுரங்கம் மூடப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். அவர் ஊர் திரும்பியபொழுது கொண்டு வந்த பெட்டியில் இந்த இரண்டு கத்திகளும் ஒரு தோல் வாரும் இருந்தன. அதன் பிறகு ஞாயிறுதோறும் காலையில் எங்கள் தெருப் புளியமரத்தடியில் அவர் உட்காருவார். மாப்பிள்ளைச் சவரம் முதல் கருமாதிச் சவரம் வரை எல்லாம் அவர் கையால் நடந்தது. காசு வாங்கமாட்டார்.

1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. கடை என்னும் சொல்லில் முடிதிருத்தும் நிலையமும் அடங்கும் என்று அச்சட்டமே விளக்கம் தருகிறது. 1976இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறி, மேலும் கடுமையாக்கப்பட்டது. எங்கள் ஊரிலோ, அதன் பிறகும் பெரியப்பா புளியமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார்.

இனிக் கத்திக்கு வருவோம். மடக்குச் சவரக்கத்தியில் உறுப்புகள் மிகச் சில. தடித்த முதுகு, மெல்லிய வாய், பின்னால் வால், அலகை இருபுறமும் காக்கும் இரண்டு பிடித் தகடுகள், அவற்றை ஒரு முனையில் அலகோடு சேர்க்கும் சுழலாணி, மறுமுனையில் தகடுகளுக்கிடையே ஒரு சிறு ஆப்பு. அவ்வளவே. முதுகுக்கும் வாய்க்கும் இடையில் இருபுறமும் குழிவாகக் கடைந்திருப்பார்கள். இக்குழிவு ஆழமாக ஆழமாக அலகு மெலிந்து, கத்தி எடை குறையும். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தார் இதில் பெயர் பெற்றவர்கள். பெரியப்பாவின் கத்திகள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தைச் சேர்ந்தவை, நல்ல கனம். வாலின் அருகில் விண்மீனும் மால்டாச் சிலுவையும் பொறித்திருக்கிறது. அது ஜோசப் ராஜர்ஸ் நிறுவனத்தாரின் முத்திரை.

ஷெஃபீல்டு எஃகின் பெருமைக்குக் காரணமானவர் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளர். கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்காமல், 1740 வாக்கில் களிமண் மூசையில் எஃகை முழுவதும் உருக்கி வார்க்கும் முறையைக் கண்டார். அது மிகவும் கடினமானது என்று உள்ளூர்க் கத்திக்காரர்கள் முதலில் அதை வாங்க மறுத்தார்களாம்! பிரான்சு நாட்டார் வாங்கிக் கத்தி செய்து விற்றபிறகே அவர்களுக்குக் கண் திறந்தது. மூசையில் எஃகு உருக்குவது நம் தென்னாட்டில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்த தொழில். அந்த எஃகைப் பற்றி ஜார்ஜ் பியர்சன் 1795இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்னும் கத்தித் தொழிலாளர் அதன் சிறப்பைப் போற்றினார். அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து 1818 முதல் எஃகு ஆராய்ச்சியில் இறங்கினார்கள். மின்சாரத்தில் பெயர் பெற்ற அதே ஃபாரடேதான்.

இப்பொழுது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 1972இல் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வயது பத்தொன்பது, எல்லாம் தெரியும் என்ற எண்ணம். கத்தி மழுங்கியிருக்கிறதே, துருவும் ஏறியிருக்கிறதே என்று, பெரியப்பாவைக் கேளாமல் ஒன்றை எடுத்துச் சென்று, பட்டறையின் சாணைச் சக்கரத்தில் பிடித்தேன். துரு போயிற்று. முத்திரையில் பாதியும் போயிற்று. அதற்குள் வாயோரம் வைக்கோல் நிறம் தோன்றி, பழுப்பாகி, ஊதாவாகி, நீலமாகிவிட்டது. எஃகின் பதம் அறிந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். வைக்கோல் நிறம் என்றால் சூடு ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸ். நீலம் என்றால் 290க்கு மேல். சவரக்கத்தியின் கடினம் அந்தச் சூட்டைத் தாங்காது. தாள்போல் மெலிந்த வாய் அந்தச் சூட்டை எட்ட ஓரிரு நொடி போதும். அதன் பின் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது.

பெரியப்பா கத்தியை வாங்கிப் பார்த்தார். "இது போச்சுடா. அதை எடு" என்று மற்றொன்றைக் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் பதினைந்து பேருக்கு ஒரே கத்தி. இடையில் மூன்று முறை நிறுத்தி அதைத் தீட்டினார். நான் தண்ணீர்ச் செம்பு பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவர் 1979இல் காலமானார். மிஞ்சிய கத்தியைப் பெரியம்மா மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். பணி ஓய்வு பெற்ற பிறகு, 2011இல் அதைப் பிரித்தேன். பிடியின் நிறம் பழைய தந்தத்தைப் போல் இருக்கும். ஒரு தகடு விரிந்து, பெரியப்பா செப்புக்கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார். "யானைத் தந்தம்டா, பத்திரம்" என்றார் பெரியம்மா. வெந்நீரில் நனைத்துத் தேய்த்தேன். கற்பூர வாசம் எழுந்தது. அது தந்தமன்று, செல்லுலாய்டு. நைட்ரோ செல்லுலோசும் கற்பூரமும் சேர்ந்த பொருள். 1870 வாக்கில் அமெரிக்காவில் ஹையாட் என்பவர் தொழிலாக்கியது. நாளாக ஆக அது தானே சிதையும். அதிலிருந்து வெளிப்படும் வாயு ஈரத்தோடு கூடி அமிலமாகும். மூடிவைத்த அலகை அந்த அமிலம் அரிக்கும். பிடி தொட்டுக்கொண்டிருந்த இடத்தில்தான் துருவும் மிகுந்திருந்தது.

அந்தப் பிடியையே வைத்திருந்தால் அலகு போய்விடும். பிடியை மாற்றினால் அவர் கட்டிய கட்டு போய்விடும். பெரியம்மாவுக்கு இதை விளக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. "அவர் கை பட்டது அதுதானே" என்பார். கடைசியில் பழைய பிடியைக் கம்பியோடு தனியே, காற்றாடும் அட்டைப்பெட்டியில், நெருப்புக்கு எட்டாமல் வைப்பது என்று முடிவாயிற்று. செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும், இதை மறவாதீர்கள்.

சுழலாணியை நெம்பி எடுக்கக் கூடாது. தலையை அரத்தால் தேய்த்துவிட்டு, மெல்லிய ஊசியால் தள்ள வேண்டும். துருவுக்கு இம்முறை எந்திரமே இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, 400ஆம் எண் நீர் உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றித் தொடங்கி, 600, 1000, 2000 என்று ஏறினேன். கத்தியைப் பலகையில் படுக்கவைத்து, முதுகிலிருந்து வாயை நோக்கித் தேய்க்க வேண்டும். விரல் ஒருபொழுதும் வாயின் முன்னால் இருக்கக் கூடாது. பதினொரு நாள் ஆயிற்று. எல்லாக் குழிகளையும் போக்க முயல்வது தவறு. முதுகருகே உள்ள குழி சவரத்துக்குத் தீங்கு செய்யாது. அதைப் போக்க எஃகைத் தின்றுகொண்டே போனால் கத்தியே மிஞ்சாது. வாயருகே உள்ள குழிதான் கூரை உதிர்க்கும். வாயில் மயிரிழை விரிசல் இருந்தாலோ, அக்கத்தி காட்சிக்கு மட்டுமே. முத்திரையின்மேல் உப்புத்தாள் படவே விடவில்லை. அதற்குக் காரணம் உங்களுக்கு எதிரிலேயே கிடக்கிறது.

பிடிக்கு எருமைக் கொம்பைத் தேர்ந்தேன். கொம்பு என்றதும் நம்மிலேயே சிலர் முகம் சுளித்தார்கள். ஷெஃபீல்டில் சீமான்களின் கத்திக்கும் கொம்புதான் பிடி என்று அவர்களிடம் சொன்னேன். தந்தத்தை நாடக் கூடாது. இந்திய யானைத் தந்த வாணிகம் 1986இலேயே தடை செய்யப்பட்டது. கருங்காலியும் ஈட்டியும் நன்றாக அமையும். கொம்பை நீளவாக்கில் அறுத்து, கொதிநீரில் இளக்கி, இரண்டு இரும்புத் தகடுகளுக்கிடையே வைத்து வைஸில் இறுக்கி, ஆறும்வரை விட வேண்டும். பின் சில வாரம் நிழலில் உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் பிறகு முறுக்கிக்கொள்ளும். ஆறு அங்குல நீளம், மூன்று மில்லிமீட்டர் கனம். இரு தகடுகளையும் ஒட்டி ஒன்றாகவே அரத்தால் வடிவமைத்துத் துளையிட்டால்தான் இரண்டும் ஒத்திருக்கும்.

ஆப்புதான் கடினம். பார்வைக்கு அற்பம், அதன் சரிவு சற்றுப் பிசகினாலும் அலகு நடுவில் இறங்காமல் ஒரு தகட்டில் உரசும். நான் ஐந்து ஆப்பு செய்தேன், ஐந்தாவதே அமைந்தது. ஆணிக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த பித்தளைக் கம்பி, இருபுறமும் சிறு வாஷர். சிறிய சுத்தியலால் நூறு மெல்லிய தட்டு. ஓங்கி ஓர் அடி அடித்தால் கம்பி வளையும், கொம்பு வெடிக்கும்.

தீட்டுவதில் ஒரே விதி. முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். கோணத்தை முதுகே தீர்மானிக்கிறது. நாம் தீர்மானிக்க வேண்டியதில்லை. கல்லில் வாய் முன்னே செல்லும்; தோல் வாரில் முதுகு முன்னே செல்லும். மாற்றினால் வார் கிழியும். 1000, 4000, 8000 எண் கற்கள், பின் வாரில் ஐம்பது முறை. அன்று மாலை என் முகத்தை நானே மழித்துக்கொண்டேன். பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்; ஒன்றும் சொல்லவில்லை; முடிந்ததும் படிகாரக் கட்டியை எடுத்து நீட்டினார்.

ஓர் எச்சரிக்கை. ஒரே கத்தியைப் பலருக்கும் பயன்படுத்திய காலம் போயிற்று. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவும் என்பதை அறிந்த பிறகு, முடிதிருத்துவோர் ஆளுக்கு ஒரு புதிய பிளேடு போடுகிறார்கள், அதுவே முறை. இது ஒருவர் தம் முகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளும் கத்தி.

பழைய பொருள் சந்தையில் வாங்கிய நான்கு துருப்பிடித்த அலகுகளும், அறுத்து உலர்த்திய கொம்புத் தகடுகளும், பித்தளைக் கம்பியும் இந்தப் பையில் இருக்கின்றன. கற்க விரும்பும் இளைஞர்கள் மதிய உணவுக்குப் பின் பின்புறக் கூடத்துக்கு வாருங்கள். ஆப்பு செய்வதிலிருந்து தொடங்குவோம். மேசையின் அருகில் வருபவர்கள் பளபளக்கும் கத்தியின் வாயில் கை வைக்காதீர்கள். நீலக் கத்தியை யாரும் எடுத்துப் பார்க்கலாம்.