இரவில் விரியும் மலர்



பாப்புவா நியூ கினி நாட்டின் நியூ பிரிட்டன் தீவில், மரம் வெட்ட விடப்பட்ட காட்டுப் பகுதியிலிருந்து நெதர்லாந்து தாவரவியலாளர் எட் டி வோகல் ஓர் ஆர்க்கிட் செடியைக் கொண்டுவந்தார். லைடன் தாவரவியல் தோட்டத்தில் அது வளர்ந்தது. மொட்டும் விட்டது. ஆனால் மலர்ந்த பூவை யாரும் காணவில்லை. மொட்டுகள் விரியாமலே வாடிப்போவதாகத் தோன்றியது.

அவர் செடியைத் தம் வீட்டுக்கே எடுத்துச் சென்று காத்திருந்தார். இரவு 10 மணியளவில் மொட்டு விரிந்தது. காலையில் மூடிக்கொண்டது. ஒரு பூவுக்கு ஓர் இரவே ஆயுள். 2011-ல் அது புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. பெயர் பல்போஃபில்லம் நாக்டர்னம், அதாவது இரவுக்குரியது. ஏறக்குறைய 25,000 ஆர்க்கிட் இனங்களுள், தவறாமல் இரவில் மட்டுமே மலர்வதாக அறியப்பட்ட முதல் இனம் அதுதான்.

செடியில் ஒரு குறையும் இல்லை. மனிதர் போய்ப் பார்த்த நேரம்தான் வேறு.

ஞாயிறு திருப்பலியில் தூங்கி விழும் பெண்ணைக் கண்டு முகம் சுளிக்கிறோம். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு அவள் இரவெல்லாம் விழித்திருந்து பணிவிடை செய்தது நமக்குத் தெரியாது. "இவன் தேறவே மாட்டான்" என்று பெற்ற மகனையே தீர்ப்பிடுகிறோம். அவன் தனிமையில் அழுது செபிப்பதை நாம் கண்டதில்லை.

மறைவில் செய்வதையும் விண்ணகத் தந்தை காண்கிறார் என்று மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்தார். அவருக்கு இரவும் பகலும் ஒன்றே.

இந்த வாரம், நாம் தீர்ப்பிட்டு ஒதுக்கிய ஒருவரின் வீட்டுக்குச் செல்வோம். சற்று நேரம் அவரோடு அமர்ந்திருப்போம். இறைவன் நம் கண்களைத் திறப்பாராக. ஆமென்.