பாட்டால் வாதாடிய கலைவாணர்

(மயிலாடியில் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் நினைவு நாளையொட்டி நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆகஸ்டு 30 கலைவாணர் மறைந்த நாள். 1957-ல் அவர் கண்ணை மூடியபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயதுகூட நிரம்பவில்லை. ஆண்டுதோறும் இந்த நாளில் நாம் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். பிறகு ஒருவர் எழுந்து, கலைவாணர் யார் யாருக்கு எப்படியெல்லாம் பணத்தை அள்ளிக் கொடுத்தார் என்று கதை கதையாகச் சொல்வார். கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். அத்தோடு கூட்டம் முடிந்துவிடும்.

அவர் கொடுத்தார் என்பதில் சந்தேகமே இல்லை. சம்பாதித்ததைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தவர் அவர். ஆனால் தர்மம் செய்தவர்கள் நாஞ்சில் நாட்டில் வேறு எத்தனையோ பேர் உண்டு. மடம் கட்டினார்கள், சத்திரம் வைத்தார்கள், அன்னதானம் போட்டார்கள். அவர்களுக்கெல்லாம் நாம் நினைவு நாள் கொண்டாடுகிறோமா? கலைவாணரை வள்ளல் என்று மட்டும் சொல்லி முடிப்பது, அவர் செய்த வேலையை மூடி மறைப்பதாகும் என்பது என் அபிப்பிராயம். அவர் ஒரு தொழிலாளி. பாட்டும் சிரிப்பும் அவருடைய தொழில். அந்தத் தொழிலை அவர் எங்கே கற்றார், அதை வைத்து யாரோடு மல்லுக்கு நின்றார் என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இங்கிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் ஒழுகினசேரி வந்துவிடும். பழையாற்றங்கரையில் உள்ள அந்த ஊரில் 1908 நவம்பர் 29-ம் தேதி கிருஷ்ணன் பிறந்தார். அப்போது நம் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அப்பா பெயர் சுடலைமுத்துப் பிள்ளை, அம்மா பெயர் இசக்கியம்மாள். சுடலை, இசக்கி: இரண்டுமே வில்லில் பாடப்படும் தெய்வங்களின் பெயர்கள் அல்லவா? வீட்டில் வறுமை. பையனின் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோயிற்று. கிடைத்த கூலி வேலைகளைச் செய்தான். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றான். விற்றுக்கொண்டே நாடகத்தைப் பார்த்தான். வில்லுப் பாட்டுக்காரர்களோடு சேர்ந்து பாடவும் செய்தான்.

வில்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனாலும் இங்கே இளைஞர்கள் இருக்கிறார்கள். கொடை நடக்கும்போதும் கைபேசியையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். பனங்கம்பில் நாண் கட்டி, மணிகளைத் தொங்கவிட்டு, குடத்தோடு சேர்த்து நிறுத்துகிற அந்த வில், ராஜாவின் அரண்மனையில் பிறந்ததல்ல. சபாவில் வளர்ந்ததும் அல்ல. சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் முத்தாரம்மனுக்கும் கொடை கழிக்கிற ஜனங்களின் வாத்தியம் அது. அதில் பாடப்படும் கதைகளையும் கவனியுங்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் கதைகள் எத்தனை! பிராமணனாகப் பிறந்து சக்கிலியர் குலத்துப் பெண்களை மணந்த முத்துப்பட்டனின் கதை என்ன சாதாரணக் கதையா? சாதியைப் பற்றிய வழக்கு வில்லுமேடையில் எப்போதோ தொடங்கிவிட்டது.

இன்னொன்று. வில்லில் ஒருவர் மட்டும் பாடிவிட்டுப் போக முடியாது. அண்ணாவி வீசுகோலால் வில்லை அடித்துக் கதை சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். சில சமயம் "அதெப்படி?" என்று மடக்குவார். ஜனங்களின் மனதில் எழும் கேள்வியை அவர் கேட்பார். அண்ணாவி பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கேள்வியும் பதிலுமாகக் கதை நகரும். இந்த முறையைத்தான் கிருஷ்ணன் கடைசிவரை விடவில்லை. சினிமாவில் அவருடைய பாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். அவர் ஒன்று பாடுவார், மதுரம் மறுத்துப் பாடுவார். வில்லு மேடையின் வழக்கு அங்கே புருஷன் பெண்டாட்டி வழக்காக மாறியிருக்கும், அவ்வளவுதான். இதை நான் ஏதோ ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. நான் பத்தாவது படித்தவன். ஆனால் கொடைகளில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டவனுக்கு இது காதிலேயே தெரியும்.

1925-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவில் அவர் சேர்ந்தார். நாடகக் கம்பெனி வாழ்க்கை எப்படிப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊர் ஊராகப் போக வேண்டும். வசூல் இல்லாவிட்டால் பட்டினி. சிறுவர்களுக்கு அடியும் உதையும். அந்தப் பள்ளிக்கூடத்தில் தேறி, 1935-ல் வந்த 'மேனகா', 1936-ல் வந்த 'சதி லீலாவதி' ஆகிய படங்களில் நடித்தார். 'வசந்தசேனா' படத்துக்காகப் புனாவுக்குப் போன பயணத்தில் டி.ஏ. மதுரத்தைச் சந்தித்தார். அதன்பின் இருவரும் சேர்ந்தே நடித்தார்கள், சேர்ந்தே பாடினார்கள், வாழ்க்கையிலும் இணைந்தார்கள். படத்தின் கதைக்கும் தங்கள் நகைச்சுவைக்கும் சம்பந்தமில்லாவிட்டாலும், தாங்களே எழுதி, தாங்களே ஒத்திகை பார்த்து, தனியாகப் படமாக்கிப் படத்தோடு சேர்த்துவிடுவார்கள். படம் படுத்தாலும் இவர்களுக்காக ஜனங்கள் கொட்டகைக்கு வந்தார்கள்.

பாகவதரின் குரல் வேறு. கிருஷ்ணனின் குரல் வேறு. பாகவதர் பாடினால் மெய்மறக்கலாம். கிருஷ்ணன் பாடினால் மெய் மறக்க முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு சொல்லும் காதில் தெளிவாக விழும், விழுந்தபின் யோசிக்க வைக்கும். ராகம் தாளம் தெரிந்தவர்கள் அதைச் சங்கீதமாகவே மதிக்காமல் போகலாம். நமக்குக் கவலையில்லை.

இன்று நம் ஊர்ப் பையன்கள் சிலர் அணிந்திருக்கும் பனியனில் சடை முடியோடு ஒருவர் படம் இருக்கிறதே, அவர் யார் என்று கேட்டேன். "யாரோ பாட்டுக்காரர்" என்றார்கள். அவர் பெயர் பாப் மார்லி. கரும்புத் தோட்ட அடிமைகளின் சந்ததிகள் வாழும் ஜமைக்கா தீவில் 1945-ல் பிறந்தவர். கிங்ஸ்டன் நகரத்துச் சேரியில் வளர்ந்தவர். வெல்டிங் வேலை கற்றவர். ரெகே என்ற தங்கள் மக்களின் இசையில் தங்கள் மக்களின் கஷ்டத்தைப் பாடி உலகத்தையே கேட்க வைத்தார். 1976-ல் அவரைச் சுட்டார்கள். காயத்தோடு இரண்டே நாளில் மேடையேறிப் பாடினார். 1980-ல் ஜிம்பாப்வே விடுதலை பெற்றபோது அந்த விழாவில் பாடினார். 1981-ல் முப்பத்தாறே வயதில் புற்றுநோயால் இறந்தார். இப்போது அவர் பனியனில் இருக்கிறார். அவர் பாடியது என்னவென்று அணிந்திருப்பவனுக்குத் தெரியவில்லை. நம் கலைவாணர் நாகர்கோவில் மணிமேடையில் சிலையாக நிற்கிறார். அவர் பாடியது என்னவென்று நமக்கு மட்டும் தெரியுமா? சிலை வடிப்பதையே தொழிலாகக் கொண்ட உங்களிடம் சொல்கிறேன், முகத்தைக் கல்லில் கொண்டுவந்துவிடலாம். குரலை அப்படிக் கொண்டுவர முடியுமா?

அவர் குரலை அடைக்கப் பார்த்ததும் நடந்தது. 1944 நவம்பர் 8-ம் தேதி சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் என்பவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதி விற்ற 'இந்து நேசன்' பத்திரிகையை நடத்தியவர் அவர். இந்த வழக்கில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டார்கள். 1945-ல் கோர்ட்டு இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்தது. ஹைக்கோர்ட்டில் செய்த அப்பீலும் தள்ளுபடியாயிற்று. வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரை போய், திரும்ப சென்னைக்கே வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். சுமார் முப்பது மாதம் சிறை! லண்டன் வரை வழக்காட அவர்களிடம் பணம் இருந்தது. பணமில்லாத ஏழை ஒருவன் அந்த இடத்தில் இருந்திருந்தால் அவன் கதி என்ன? இதையும் நாம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்த முப்பது மாதமும் வெளியே நின்று பாரம் சுமந்தவர் டி.ஏ. மதுரம். வழக்குச் செலவு ஒருபுறம், குடும்பம் ஒருபுறம். அவர் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். எஸ்.வி. சகஸ்ரநாமம் துணை நின்றார். 'பைத்தியக்காரன்' என்ற நாடகம் அவர்கள் போட்டதுதான். அதுவே படமாகி 1947-ல் வெளிவந்தது. விடுதலையான கிருஷ்ணன் அதில் வந்து சேர்ந்துகொண்டார். சென்னையில் கலைவாணர் பெயரில் அரங்கம் இருக்கிறது, சந்தோஷம். மதுரம் பெயரில் என்ன இருக்கிறது? ஒழுகினசேரியில் தான் கட்டிய வீட்டுக்குக் கலைவாணர் 'மதுரபவனம்' என்று பெயர் வைத்தார். அவராவது வைத்தாரே! கலைவாணரின் நகைச்சுவையில் பெண்களைக் கேலி செய்யும் இடங்களும் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் எதிரே நின்றவர் மதுரம். கேலியை வாங்கிக்கொண்டு சும்மா போகிறவர் அல்ல. திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்.

சிறையிலிருந்து திரும்பிய பாகவதருக்குப் பழைய காலம் திரும்பவில்லை. கிருஷ்ணனோ முன்னிலும் வேகமாக வேலை செய்தார். 1947-ல்தான் பம்மல் சம்பந்த முதலியார் கையால் 'கலைவாணர்' பட்டம் பெற்றார். சுப்பு ஆறுமுகம் என்ற நெல்லைச் சீமை இளைஞரைச் சென்னைக்கு அழைத்துப் போய், அவரை எழுத வைத்து, காந்தி மகான் கதையை வில்லில் பாடினார். மாடன் கதை பாடிய வில்லில் காந்தி கதை! அந்தச் சுப்பு ஆறுமுகம் 2022-ல் மறையும்வரை வில்லைக் கீழே வைக்கவில்லை. நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் காந்திக்கு நினைவுத் தூண் எழுப்பியதும் கலைவாணரின் சொந்தப் பணம்தான்.

1949-ல் 'நல்லதம்பி' வந்தது. அண்ணாதுரை எழுதிய கதை. அதில் கலைவாணர் பாகவதர் வேஷம் போட்டுக்கொண்டு ஒரு கதாகாலட்சேபம் செய்கிறார். பெயர் 'கிந்தனார்'. எழுதியவர் உடுமலை நாராயண கவி. மயிலாடி மக்கள் இதைச் சற்று உன்னிப்பாகக் கேட்க வேண்டும். நந்தனார் கதை எல்லோருக்கும் தெரியும். பண்ணையாளாகப் பிறந்தவன் சிதம்பரத்துக்குப் போய் நடராஜரைப் பார்க்க ஏங்குகிறான், நெருப்பில் இறங்கிச் சுத்தமான பிறகுதான் அவனுக்குத் தரிசனம். இந்தக் கதையை சபாக்களில் உருகி உருகிக் கேட்டவர்கள் பலர், வெளியே வந்ததும் தங்கள் தெருவில் நந்தனின் பேரனை நடக்க விடமாட்டார்கள். கலைவாணர் என்ன செய்தார்? அதே மெட்டமைப்பு, அதே உருக்கம், அதே பாகவதர் தோரணை. ஆனால் அவருடைய கிந்தனுக்குச் சிதம்பரம் வேண்டாம், படிப்பு வேண்டும். அதற்காகப் பட்டணம் போகிறான். போவதும் ரயிலில். ஐயரையும் சேரிக்காரனையும் ஒரே பெட்டியில் உட்கார வைத்து இழுத்துக்கொண்டு ஓடுகிறதே என்று அந்த ரயிலைப் பார்த்து ஒரு பாட்டு!

இந்த ஊரில் இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஏனென்றால் இதே மயிலாடியில், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஒருவர் உண்மையாகவே சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். மனம் உடைந்து, தஞ்சாவூருக்குப் போய், கிறிஸ்தவராகத் திரும்பினார். அவர்தான் மகாராசன் வேதமாணிக்கம். அவர் அழைத்து 1806-ல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மன் பாதிரியார் இங்கே வந்தார். 1809-ல் தேவாலயம் கட்டினார்கள். கூடவே பள்ளிக்கூடமும் வந்தது. மதம் மாறுவது சரியா தவறா என்ற விவாதத்துக்கு நான் இப்போது போகவில்லை. சிதம்பரம் போனவர் கதை பள்ளிக்கூடத்தில் வந்து நின்றது என்பதை மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் என்ன ஆயிற்று? 1926-ல் பக்கத்து சுசீந்திரத்தில் கோயில் தெருவில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. டாக்டர் எம்.இ. நாயுடு முதலானோர் நின்று போராடினார்கள். ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936-ல்தான். ஒழுகினசேரிக்காரர் கிந்தனார் கதையைப் பாடியபோது, அவருக்குத் தெரியாத ஊர் விஷயத்தையா பாடினார்?

கலைவாணர் நம் கட்சிக்காரர் அல்ல. திராவிட இயக்கத்தாரோடு நெருங்கிப் பழகியவர். 1952-ல் அவர் டைரக்ட் செய்த 'பணம்' படத்தில் தி.மு.க. என்பதைத் 'திருக்குறள் முன்னணிக் கழகம்' என்று சொல்லித் தணிக்கையாரைத் தாண்டிப் பாடியவர். காந்தியைப் பாடியவர். 1951-ல் சோவியத் நாட்டுக்குக் கலைஞர் குழுவோடு போய்ப் பார்த்து வந்தவர். அவரை ஒரு கூண்டில் அடைக்க யாரும் முயல வேண்டாம். நாமும் முயல வேண்டாம். மதுவை ஒழிக்க அவர் செய்த பிரசாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடிகாரனை அவர் திட்டவில்லை. அவனைப் போலவே நடந்து காட்டினார். பார்த்த குடிகாரனே சிரித்தான். திட்டினால் எழுந்து போயிருப்பான். மேடையில் மணிக்கணக்காகக் கத்துகிற நம்மைப் போன்ற பேச்சாளர்கள், நான் உட்பட, இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

1956 நவம்பர் 1-ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அதைப் பார்த்துப் பத்து மாதம்தான் இருந்தார். கையில் காசில்லை, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. மதுரம் 1974 வரை வாழ்ந்தார்.

கிந்தனார் காலட்சேபத்தை இன்றும் கைபேசியிலேயே பார்க்கலாம். பனியன் போட்ட தம்பிகள் இன்று இரவே பார்க்கட்டும். பார்த்துவிட்டு நாளை வந்து என்னோடு வாதாடட்டும். வில்லுப் பாட்டுக் குழுவினர் வெகு நேரமாகக் காத்திருக்கிறார்கள். குடமும் வைத்தாகிவிட்டது. நான் மேடையை விட்டு இறங்குகிறேன்.