குழந்தை நலமும் வேலூர் ஆராய்ச்சியும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

குழந்தைகளின் உடல்நலம் குறித்துப் பேசுமாறு நிர்வாகிகள் பணித்துள்ளார்கள். நான் மதரஸாவில் ஓதியவன், மருத்துவம் கற்றவனல்லன். ஆகவே, மருத்துவம் கற்ற ஒருவர் தம் உழைப்பின் பெரும்பகுதியை ஏழைக் குழந்தைகளுக்காக எவ்வாறு செலவிட்டார் என்பதை எடுத்துரைக்க விழைகிறேன். அவர் டாக்டர் ககன்தீப் காங் அம்மையார்.

1962இல் சிம்லாவில் பிறந்தவர். தந்தையார் ரயில்வேப் பொறியாளர். அவருக்கு மாற்றலாகும் ஊருக்கெல்லாம் குடும்பமும் பெயர்ந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயில வந்து, 1987இல் மருத்துவப் பட்டமும் 1998இல் முனைவர் பட்டமும் பெற்று, அங்கேயே பேராசிரியராகவும் விளங்கினார். அவர் தேர்ந்துகொண்ட துறை குழந்தைகளின் வயிற்றுப்போக்கு.

வயிற்றுப்போக்கில் ஆராய என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பல் முளைக்கிறது, கண்பட்டுவிட்டது என்று சொல்லி நம் வீடுகளிலும் அதை அலட்சியம் செய்வதுண்டு. ஆனால் 'ரோட்டா' என்னும் ஒரேயொரு வைரஸால், தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு, நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுதோறும் சுமார் 78,000 பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

2002ஆம் ஆண்டில் அம்மையாரின் குழுவினர் வேலூரில் சின்னல்லாபுரம், இராமநாயக்கன்பாளையம், கஸ்பா ஆகிய பகுதிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். பீடி சுற்றியும் கூலி வேலை செய்தும் பிழைக்கும் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடங்கள் அவை. அங்கே 452 குழந்தைகளைப் பிறந்தது முதல் பதிவு செய்து, வாரத்துக்கு இருமுறை வீடு தேடிச் சென்று நலம் விசாரித்தனர். இரு வாரங்களுக்கு ஒருமுறை மலத்தைச் சேகரித்துப் பரிசோதித்தனர். இவ்வாறு மூன்று ஆண்டுகள்! நாம் நோயுற்றபின் மருத்துவமனைக்குச் செல்கிறோம். இங்கோ நோய் வருமுன்பே மருத்துவமனை வாசலுக்கு வந்து நின்றது.

அதன் முடிவுகள் 2011இல் வெளியாயின. ஆறு மாதம் நிறைவதற்குள்ளாகவே 56 விழுக்காட்டுக் குழந்தைகளை ரோட்டா தொற்றியிருந்தது. மெக்சிகோ நாட்டில் முன்னர் நடந்த ஆய்வில், இருமுறை தொற்றிய குழந்தைக்கு அதன்பின் கடும் வயிற்றுப்போக்கு வரவில்லை என்று கண்டிருந்தனர். வேலூரிலோ மும்முறை தொற்றியபின்னும் 79 விழுக்காடு பாதுகாப்பே கிட்டியது. வேற்று நாட்டுக் கணக்கை நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்த இயலாது என்பது இதனால் உறுதியாயிற்று.

இடையே ஒரு செய்தி. தாய்மார்கள் விரும்பிக் கேட்பார்கள். வேலூரில் குடிநீரைச் சோதித்த மற்றோர் ஆய்விலும் அம்மையார் பங்கு கொண்டிருந்தார். பிடித்துவைத்த தண்ணீர் வீட்டுக்குள்ளேயே மேலும் அசுத்தமடைவதை, சோதித்த வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கில் கண்டனர். பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரில் மட்டும் அசுத்தம் குறைந்திருந்தது. நம் பாட்டிமார் புளியிட்டுத் துலக்கிய குடங்களைப் பழைய பாத்திரக் கடையில் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் குடம் வாங்கியவர்கள் நாம்.

ரோட்டாவுக்கான சொட்டு மருந்தின் வரலாறும் வியப்புக்குரியது. 1980களில் டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், வைரஸ் தொற்றியும் நோயுறாத பச்சிளங் குழந்தைகளை டாக்டர் எம்.கே.பான் குழுவினர் கண்டனர். அவ்வைரஸிலிருந்தே 'ரோட்டாவாக்' உருவாயிற்று. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டது. வேலூர்ப் பொறுப்பு காங் அம்மையாருடையது. கடும் ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் அது 56 விழுக்காடு தடுத்தது.

பாதிதானே என்று கேட்கலாம். நூறு குழந்தைகள் கடும் நோயால் படுக்க வேண்டிய இடத்தில் நாற்பத்து நான்கு பேர்தாம் படுப்பார்கள். எஞ்சிய ஐம்பத்தாறில் நம் பேரப்பிள்ளை ஒன்று இருந்தால் பாதி என்று சொல்லத் தோன்றாது. 2016இல் சில மாநிலங்களில் அரசு இம்மருந்தை வழங்கத் தொடங்கியது. தமிழகத்துக்கு 2017இல் வந்தது. அம்மையார் 2019இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்பெருமை பெற்ற முதல் இந்தியப் பெண் விஞ்ஞானி அவரே.

அதே 2017இல், பிப்ரவரியில், தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் தமிழகத்தில் நடந்ததும், அதுபற்றி வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளும் நினைவிருக்கும். ஜும்ஆ முடிந்து வெளியே வருகையில் கைப்பேசியை நீட்டி, “ஹஜ்ரத், இது உண்மையா?” என்று கேட்டவர்கள் பலர். எழுதியவர் யாரென்று எவருக்கும் தெரியாது. வாரம் இருமுறை வீடு தேடிச் சென்று மூன்றாண்டு கணக்கெடுத்தவர்களின் சொல்லையும், பெயரில்லாதவனின் சொல்லையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது.

வேலூர் ஆய்வில் மூன்றாண்டு நிறைவு செய்தவர்கள் 373 பேர். 79 பேர் இடையில் விடுபட்டனர். இத்தகைய நீண்ட ஆய்வுகளில் குடும்பம் ஊர் மாறுவது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகும். ஆய்விலிருந்து நழுவுவது போலவே, ஊர் மாறும் குழந்தை தடுப்பூசிக் கணக்கிலிருந்தும் நழுவிவிடுகிறது. போலியோ ஒழிப்பின்போது செங்கற்சூளைகளையும் கட்டுமானக் கொட்டகைகளையும் தனியே பட்டியலிட்டுச் சொட்டு மருந்து கொடுத்ததும் இதனாலேயே. 2011 ஜனவரிக்குப் பின் இந்நாட்டில் காட்டுப் போலியோவால் ஒரு குழந்தையும் முடமாகவில்லை.

நமது ஆதம்பாக்கத்தில் அடுக்குமாடி எழும் இடங்களில் தகரக் கொட்டகைகளைக் காண்கிறோம். பீகார், வங்காளம், ஒடிசாவிலிருந்து வந்தோர் சிலர் நம் வீடுகளிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள்; சிலர் நம் தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கிறார்கள். அட்வான்ஸ் தொகையையும் ஆதார் நகலையும் தவறாமல் கேட்டு வாங்குகிறோம். குழந்தையின் தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்பவர் எத்தனை பேர்?

வீட்டு உரிமையாளர்களும் கட்டட வேலை எடுப்பவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்மாநிலத்துக் குழந்தையாயினும் அரசு சுகாதார நிலையத்தில் தடுப்பூசி இலவசம். புதன்கிழமை அதற்குரிய நாள். அட்டை தொலைந்திருந்தாலும் அழைத்துச் செல்லுங்கள். விட்டுப்போன தவணையிலிருந்து தொடரலாம். மொழி தெரியாமல் தாய் தயங்கினால், உருது பேசும் நம் வீட்டுப் பெண்கள் ஒருவர் உடன் செல்லலாம். ரோட்டா சொட்டு மருந்து ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் தரப்படுவது. தாமதித்து வந்த குழந்தைக்கும் ஒரு வயதுக்குள் தொடங்கலாம். அதைத் தாண்டினால் தொடங்க மாட்டார்கள்.