உபதேசியார் ஏறாத பீடம்



நாம் இன்று நினைவுகூரும் தோழர் ஓர் உபதேசியாரின் மகன். நான் ஓர் உபதேசியாரின் பேத்தி. அதனால் உபதேசியார்களைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

சபைக்கு வெளியே இருக்கும் தோழர்களுக்காகச் சொல்கிறேன். சேரியிலேயே குடியிருந்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, ஞாயிறு ஆராதனை நடத்தி, சாவு வீட்டில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர் உபதேசியார். ஆனால் நற்கருணை கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. அதற்கு அபிஷேகம் பெற்ற ஆயர் வர வேண்டும். எங்கள் தாத்தாவின் ஊருக்கு ஆயர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். அன்று தாத்தா பீடத்தைத் துடைத்து, விரிப்பு விரித்து, ஒதுங்கி நிற்பார். முப்பது வருட ஊழியத்தில் ஒருநாள்கூட அவர் அந்த அப்பத்தைப் பிட்டதில்லை.

தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு வட்டாரத்தில் பணியாற்றியது ஸ்காட்லாந்தின் பிரஸ்பிட்டேரியன் மிஷன். அதன் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, பறையர் மக்களுக்கு நிலம் வேண்டும் என்று வாதாடினார். கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் அறிக்கை எழுதினார். 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்து மெல்ரோசாபுரம் அந்த மிஷன் காலத்தின் நினைவு. நம் மக்களுக்காக நிலம் கேட்டவர்கள், பீடத்தை யாருக்குத் திறந்தார்கள்?

பிரஸ்பிட்டேரியன் என்ற பெயரே மூப்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சபை தேர்ந்தெடுத்த மூப்பர்கள் ஆயரோடு சேர்ந்து உட்கார்ந்து சபையை நடத்துவது அதன் நெறி. அங்கேயும் நற்கருணை நடத்தும் உரிமை, இறையியல் படித்து அபிஷேகம் பெற்றவருக்கே. அந்த மரபு 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், பிறகு 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் கலந்தது. இடையில் 1938 டிசம்பரில், நம் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் சர்வதேச மிஷனரி மன்றம் கூடியது. ஊழியர் பயிற்சிதான் பெரும் பலவீனங்களில் ஒன்று என்று அங்கேயே ஒப்புக்கொண்டார்கள்.

இன்றைய வழி என்ன? சபையின் பரிந்துரை, பேராயத்தின் தேர்வு, இறையியல் கல்லூரியில் பி.டி. பட்டம், தகுதிகாண் காலம், டீக்கன், அதன்பிறகு ஆயர். பெருங்களத்தூரில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் ஜெபக்கூட்டம் நடத்தும் நம் தம்பி, வருடக்கணக்கில் வேலையை விட்டுவிட்டு விடுதியில் போய்ப் படிக்க முடியுமா? வீட்டுக்கு அரிசி யார் வாங்குவது?

படிப்புக்கு நான் எதிரி அல்ல. பூசாரித் தொழில் பரம்பரையாக வரக் கூடாது, தேர்வில் தேறியவரே பூசாரியாக வேண்டும் என்று 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சொன்னவர் அம்பேத்கர். பிறப்பைவிடத் தேர்வு மேல். ஆனால் தேர்வு எழுதப் போக வழிச்செலவு யாரிடம் இருக்கிறது என்று சமூகவியல் படித்தவள் கேட்டே ஆக வேண்டும். படித்தாலும் போதாது என்பதற்கும் சாட்சி உண்டு. அரசு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் பயின்ற அனைத்துச் சாதி மாணவர்களில் சிலருக்கு, 2021-இல் பணி கிடைக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆனது.

வேறு வழி இல்லை என்பவர்களுக்குத் தோர்ணக்கல்லைக் காட்டுவேன். 1912-இல் அங்கே பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, மாலா, மாதிகா மக்களிலிருந்து வந்த கிராம ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, குருமார்களாக அபிஷேகம் செய்தார்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. உபதேசியாரின் ஊழிய வருடங்கள் தகுதியாகக் கணக்கில் வர வேண்டும். வேலையை விடாமல், தமிழில், நம் பகுதியிலேயே படிக்க வழி வேண்டும். படித்து முடித்தவரை அபிஷேகம் செய்ய ஒரு காலவரையறை வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாலைநேரம் படித்தவரைச் சேரிக்கும், கல்லூரியில் படித்தவரைப் பெரிய ஆலயத்துக்கும் அனுப்பினால், ஆயர்களுக்குள்ளேயே மேல் கீழ் வந்துவிடும். அபிஷேகம் ஒன்று என்றால் சம்பளமும் இடமாற்றமும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

மாணவர்களே, உங்கள் ஊர் உபதேசியார்களைத் தேடிப் போங்கள். எத்தனை வருடம் உழைத்தார்கள், எதற்கு ஒதுக்கி நிறுத்தப்பட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கோரிக்கை மனுவோடு அந்தக் கணக்கையும் கையில் கொண்டுபோவோம்.